மேல பார்த்தா 'வாங்க', கீழ பார்த்தா 'வாடா'

ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. இன்னிக்கு எழுத உக்காந்ததுக்குக் காரணம் கோவம். கோவத்துல எழுதினா நீளமாத்தான் வரும், கையில ஒரு காபியோட உக்காருங்க.

பொட்டி தட்டுற தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், அப்பப்போ நம்மளை ஒரு வகுப்புல உக்கார வைப்பாங்க. 'கிராஸ் கல்ச்சர் ட்ரெயினிங்'னு பேரு. எந்த நாட்டுக்காரர்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு ஸ்லைடு ஸ்லைடா ஓடும். ஜப்பான்காரர் விசிட்டிங் கார்டு கொடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கணும், வாங்கின கையோட பின்பாக்கெட்ல சொருகக் கூடாது. அங்க சோத்துல சாப்ஸ்டிக்கை நட்டமா குத்தி வைக்கக் கூடாது, அது செத்தவங்களுக்குப் படைக்கிற முறை. பல்கேரியாவுல தலையை மேலும் கீழும் ஆட்டினா 'இல்லை'ன்னு அர்த்தம். ஜெர்மனிக்காரர் பத்து மணின்னா பத்து மணிதான், பத்து அஞ்சு இல்லை.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. சொல்லப்போனா பிடிக்கும். அடுத்தவன் வீட்டுக்குப் போனா செருப்பை எங்க விடறதுன்னு கேட்டுக்கறது நல்ல பழக்கம்தானே.

என் சண்டை வேற. எத்தனை வகுப்புல உக்காந்திருப்பேன்! நமக்குச் சம்பளம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கிட்ட எப்படிப் பேசணும்னு நூறு ஸ்லைடு பார்த்தாச்சு. ஆபீஸ் வாசல்ல ராத்திரி முழுக்க நின்னு நமக்குக் கதவு திறக்கிறவர்கிட்ட எப்படிப் பேசணும்னு ஒரே ஒரு ஸ்லைடு, ஒரே ஒரு வரி, இன்னிக்கு வரைக்கும் பார்த்ததில்லை. மேனர்ஸ்னு நாம படிக்கிறது மொத்தமும் மேலே பார்த்துத்தான். மேலே இருக்கிறவர் மனசு கோணாம இருக்கிறதுக்கு நாம எடுத்துக்கிற பாடம் அது. அதுக்கு மரியாதைன்னு பேர் வைக்கலாமாங்கிறதுதான் இந்தப் பதிவு.

எங்க ஊரு துவாக்குடி

புதுசா வந்தவங்களுக்கு: திருச்சியிலேர்ந்து தஞ்சாவூர் போற ரோட்டுல இருக்கு துவாக்குடி. 'அட, என்.ஐ.டி. இருக்கிற ஊரா'ன்னு கேப்பாங்க. ஆமா, அதுதான். 1964-ல ரீஜினல் எஞ்சினியரிங் காலேஜா ஆரம்பிச்சு, 2003-ல என்.ஐ.டி. ஆச்சு. ஊர்ல பெருசுங்களுக்கு இன்னும் ஆர்.இ.சி.தான். ஒரு பக்கம் 60-கள்ல செக்கோஸ்லோவாக்கியா நாட்டு உதவியோட வந்த பெல் பாய்லர் தொழிற்சாலை. அதை நம்பி வளர்ந்த சின்னச் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைங்க சிட்கோ பேட்டை முழுக்க. ஊருக்குள்ள நடந்தா வெல்டிங் பொறி பறக்கிற சத்தமும் தகடு தட்டுற சத்தமும்தான்.

என்.ஐ.டி.யில பாதி சீட்டு நம்ம மாநிலத்துக்கு, மீதி மத்த மாநிலங்களுக்கு. அதனால பீகார், உ.பி., ராஜஸ்தான், ஆந்திரான்னு எல்லா ஊர்ப் பசங்களும் வருவாங்க. பட்டறைக்கும் வெளிமாநிலத்துப் பசங்க வர்றாங்க. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவுலேர்ந்து ரயிலேறி வந்து, கிரைண்டிங் மெஷினைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற பசங்க.

இப்ப ஒரு சாயங்காலம் மெயின் ரோட்டுல ஒரு டீக்கடையில நில்லுங்க. ரெண்டு பசங்க வருவாங்க. ரெண்டு பேருக்கும் இருபது வயசு இருக்கும். ரெண்டு பேரும் பீகார்னே வெச்சுக்குவோம். ரெண்டு பேருக்கும் தமிழ் வராது. ஒருத்தன் கழுத்துல காலேஜ் அடையாள அட்டை தொங்குது, இன்னொருத்தன் சட்டையில கிரீஸ் கறை.

அட்டை போட்ட பையனுக்குக் கடைக்காரர் தனக்குத் தெரிஞ்ச நாலு இந்தி வார்த்தையைக் கஷ்டப்பட்டுக் கோத்துப் பேசுவார். 'வாங்க தம்பி, உக்காருங்க.' கிரீஸ் பையனுக்கு? 'டேய், ஓரமா நில்லுடா, இன்னா வேணும்?' அவன் தப்புந்தவறுமா 'அண்ணா, ஏக் டீ'ன்னா பக்கத்துல நிக்கிறவங்க சிரிப்பாங்க. ஒருத்தனுக்காக ஊரே இந்தி கத்துக்குது. இன்னொருத்தன் தமிழ் கத்துக்கலைன்னு ஊரே அவனைத் திட்டுது.

கலாச்சார வித்தியாசம், கலாச்சார வித்தியாசம்னு பேசறோமே, இதுல எங்கேயிருக்கு வித்தியாசம்? ரெண்டு பேரும் ஒரே மாநிலம், ஒரே மொழி, ஒரே ரயில். மாறினது பர்ஸோட கனம் மட்டும்தான். கடைக்காரரைச் சொல்லிக் குத்தமில்லை. அவர் செய்யறதைத்தான் கண்ணாடி மாளிகையில உக்காந்து நாமளும் செய்யறோம், பவர்பாயிண்ட் போட்டு.

'தமிழனுக்கு தேங்க்ஸ் சொல்லத் தெரியாது'

இந்தப் புகாரை எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? வெளிநாடு போயிட்டு வந்த நம்மாளே சொல்வார். 'அங்கெல்லாம் எதுக்கெடுத்தாலும் தேங்க்யூ, ப்ளீஸ், சாரி. நம்மாளுங்களுக்கு அந்த நாகரிகமே கிடையாது சார்.'

முதல்ல ஒரு தகவல். 2018-ல 'ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. அஞ்சு கண்டத்துலேர்ந்து எட்டு மொழிகள். வீட்டுலயும் தெருவுலயும் சாதாரணமா ஜனங்க பேசிக்கிறதைப் பதிவு பண்ணிப் பார்த்திருக்காங்க. ஒருத்தர் கேட்டதை இன்னொருத்தர் செஞ்சு கொடுத்தா, நன்றி சொல்றது சராசரியா இருபது தடவைக்கு ஒரு தடவைதானாம். ரொம்ப அதிகமா நன்றி சொல்ற ஆங்கிலத்துலயே ஏழுக்கு ஒண்ணுதான். ஈக்வடார்ல பேசற சாபாலாங்கிற மொழியில 'நன்றி'ன்னு சொல்ல ஒரு வழக்கமான வார்த்தையே கிடையாது. அதனால அங்க யாரும் யாருக்கும் உதவறதில்லையா? நல்லாவே உதவிக்கிறாங்க. உப்பை எடுத்துக் கொடுக்கறது மனுஷன் மனுஷனுக்குச் செய்யற சாதாரணக் காரியம், அதுக்கு ரசீது வேண்டாம்னு உலகத்துல பெரும்பாலானவங்க நினைக்கிறாங்க. அவ்வளவுதான்.

நம்ம ஊர்லயும் அதேதான். அம்மா தோசை போட்டா 'நன்றி அம்மா'ன்னு சொல்லிப் பாருங்க, 'என்னடா ஆச்சு உனக்கு'ன்னு நெத்தியைத் தொட்டுப் பார்ப்பாங்க. நம்ம நன்றி வேற இடத்துல இருக்கு. பக்கத்து வீட்டுலேர்ந்து குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம், ரெண்டு முறுக்காவது போட்டுத்தான் அனுப்புவோம். வாசல்ல நின்னு 'போறேன்'னு சொல்ல மாட்டோம், 'போயிட்டு வர்றேன்'னு சொல்வோம். சாவு வீட்டுல மட்டும் சொல்லிக்காமக் கிளம்புவோம். அடுத்தவங்க மேல தெரியாம கால் பட்டுட்டா கையால தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம், அதுதான் நம்ம சாரி. பல ஊர்கள்ல கல்யாணத்துல இலையை நம்ம பக்கமா மடிப்போம், கருமாதியில எதிர்ப்பக்கமா மடிப்போம். ஒரு வார்த்தை பேசாம 'இந்த உறவு தொடரட்டும்', 'இந்தத் துக்கம் திரும்ப வர வேண்டாம்'னு சொல்லிடறோம்.

ப்ளீஸ்? அது வினைச்சொல்லுக்குள்ளயே இருக்கு. 'தண்ணி கொடு', 'தண்ணி கொடுங்க', 'கொஞ்சம் தண்ணி கொடுங்களேன்'. மூணும் ஒரே தண்ணிதான். மூணாவதுல எத்தனை ப்ளீஸ் இருக்குன்னு எண்ணிக்குங்க.

ஆக நமக்கு மேனர்ஸ் இல்லைங்கிறது சுத்தப் பொய். நம்ம மேனர்ஸ் மொத்தமும் ஒரு 'ங்க'வுல அடங்கியிருக்கு. அந்த 'ங்க'வை நாம யாருக்குப் போடறோம், யாருக்குப் போடறதில்லைங்கிறதுலதான் வண்டவாளம் தண்டவாளம் ஏறுது. அதுக்கு வர்றேன்.

கையும் முள்கரண்டியும்

கையால சாப்பிடறது அநாகரிகம்னு ஒரு வாதம் ஓயாம ஓடுது. 2012-ல ஓப்ரா வின்ஃப்ரே இந்தியாவுக்கு வந்து எடுத்த நிகழ்ச்சியில, இந்தியாவுல சிலர் இன்னும் கையாலயே சாப்பிடறாங்களாமேன்னு ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில உக்காந்துக்கிட்டே சொன்னாங்க. அந்த 'இன்னும்'தான் நம்ம ஊர்ல எல்லாருக்கும் சுருக்குன்னு தைச்சது. ஏதோ நாம எல்லாரும் ஒரே ரோட்டுல போறோம், அவங்க முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க, நாம இன்னும் பின்னாடி வந்துக்கிட்டிருக்கோம்ங்கிற மாதிரி.

அந்த ரோட்டோட கதையைக் கொஞ்சம் பார்ப்போம். தாமஸ் கோரியட்னு ஒரு ஆங்கிலேயர். இத்தாலியில ஜனங்க முள்கரண்டியில குத்திச் சாப்பிடறதைப் பார்த்துட்டு வந்து 1611-ல புத்தகத்துல எழுதினார், தானும் அப்படியே சாப்பிட ஆரம்பிச்சார். அவரோட நண்பர்களே அவரைக் கிண்டல் பண்ணினாங்க. ஏன்னா அப்போ இங்கிலாந்துல மரியாதைப்பட்ட மனுஷங்க கையாலதான் சாப்பிட்டாங்க! அந்தக் கோரியட் அப்புறம் பெரும்பாலும் நடந்தே இந்தியாவுக்கு வந்து 1617-ல சூரத்துல செத்துப் போனார்ங்கிறது தனிக்கதை. நானூறு வருஷம் முன்னாடி முள்கரண்டி பிடிச்சவன் கோமாளி. இன்னிக்குப் பிடிக்கத் தெரியாதவன் கோமாளி. நடுவுல மாறினது யார் கையில துப்பாக்கியும் கப்பலும் இருந்துச்சுங்கிறது மட்டும்தான்.

இது கிண்டலோட நின்னா பரவாயில்லை. 2011 மே மாசம் நார்வேயில ஸ்டாவாங்கர்ங்கிற ஊர்ல ஒரு வங்காளிக் குடும்பத்தோட ரெண்டு சின்னக் குழந்தைகளைக் குழந்தைகள் நலத்துறை எடுத்துக்கிட்டுப் போச்சு. கையால சோறு ஊட்டினதையும், குழந்தையைக் கூடவே படுக்க வெச்சதையும் தங்க மேல குத்தமாச் சொன்னாங்கன்னு பெற்றோர் சொன்னாங்க. பண்பாட்டு வித்தியாசம் காரணமில்லைன்னு நார்வே தரப்பு மறுத்துச்சு. இந்திய அரசு தலையிட்டு 2012 ஏப்ரல்ல குழந்தைகள் இந்தியா வந்தாங்க. 2013-லதான் கல்கத்தா உயர்நீதிமன்றம் மூலமா அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்தாங்க. 2023-ல இதை வெச்சு இந்தியில ஒரு படம்கூட வந்துச்சு. முழு உண்மை கோர்ட் காகிதங்களுக்குள்ள இருக்கு, நான் தீர்ப்பு சொல்ல வரலை. நான் கவனிச்சது ஒண்ணுதான். ஒரு வீட்டுல எல்லாருக்கும் இயல்பா இருக்கிற ஒரு பழக்கம், அதிகாரம் இருக்கிற இன்னொருத்தர் கையேட்டுல வேற மாதிரி எழுதியிருந்தா, அந்த வீட்டுக்காரங்கதான் வாழ்க்கையை வெச்சு விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்கணும். கையேடு எழுதினவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

வேட்டிக்கு ஒரு சட்டம், கைலிக்கு?

'பார்த்தியா, வெள்ளைக்காரன் புத்தி'ன்னு இதோட பதிவை முடிச்சா கைதட்டு விழும். ஆனா முடிக்க முடியாது, ஏன்னா நம்ம ஊர்ல நாமளே கதவுல நிக்கிறோம்.

2014 ஜூலையில சென்னை சேப்பாக்கத்துல ஒரு கிரிக்கெட் கிளப்புல நடந்த புத்தக வெளியீட்டுக்கு உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கிட்டுப் போனார். உடை விதியைக் காட்டி உள்ளே விடலை. தமிழ்நாட்டுல, தமிழ் நீதிபதியை, வேட்டிக்காக! ஊரே கொதிச்சுச்சு. அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் வந்துடுச்சு. வேட்டி கட்டினவங்களைத் தடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம், நான் வரவேற்கிறேன்.

மறு வருஷம், 2015 கடைசியில, கோயிலுக்குள்ள ஜீன்ஸ், லெக்கிங்ஸ் போட்டுக்கிட்டு வரக் கூடாதுன்னு மதுரைக் கிளையிலேர்ந்து ஒரு உத்தரவு வந்துச்சு. 2016 ஜனவரி 1 முதல் அமல். எந்த வேட்டிக்காகக் கிளப்பைத் திட்டினோமோ, அதே வேட்டியை இங்க கதவுல காவல் நிக்க வெச்சாச்சு. அப்புறம் டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்தி வெச்சுது. கிளப்பைத் திட்டின எத்தனை பேர் கோயில் உத்தரவுக்கு 'சபாஷ்' போட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

ஒண்ணு யோசிங்க. வேட்டிக்கு ஒரே மாசத்துல சட்டம் வந்ததுக்குக் காரணம், நிறுத்தப்பட்டவர் ஒரு நீதிபதி. கைலி கட்டின ஒரு லோடுமேனை ஏசி ஓட்டல் வாசல்ல நிறுத்தினா சட்டசபை கூடுமா? அவரை நிறுத்துறது அங்க வேலை பார்க்கிற இன்னொரு ஏழையோட கடமை. உள்ளே இட்லி சாப்பிட்டுக்கிட்டிருக்கிற நாம அதைப் பார்க்கக்கூட மாட்டோம்.

கண்ணைப் பார்த்துப் பேசு

இனிமே சொல்றதுதான் என்னை எழுத வெச்சது. எங்க தெருவுல ஒரு தம்பி. பேரு வேண்டாம். பாலிடெக்னிக் முடிச்சு, அப்புறம் பார்ட் டைம்ல பி.இ. முடிச்சவன். சர்க்யூட்டைப் பத்தி அவன்கிட்ட பேசினா நேரம் போறதே தெரியாது. போன மாசம் ஒரு கம்பெனி இண்டர்வியூ. டெக்னிக்கல் ரவுண்டு ரெண்டும் தாண்டிட்டான். கடைசி ஹெச்.ஆர். ரவுண்டுல காலி. காரணம் கேட்டா, 'கண்ணைப் பார்த்துப் பேசலை, தன்னம்பிக்கை இல்லை, உக்காரச் சொல்லியும் தயங்கித் தயங்கி உக்காந்தார்.'

ஏன் தயங்கினான்? அவன் அப்பா பட்டறையில ஹெல்பர். தாத்தா டெல்டா பக்கத்துல பண்ணையாள். பண்ணையார் எதிர்ல வந்தா தோள்துண்டை எடுத்து இடுப்புல கட்டணும், செருப்பைக் கழட்டிக் கையில எடுக்கணும், நிமிர்ந்து பார்க்கக் கூடாது, உக்காரச் சொன்னாலும் உக்காரக் கூடாது. அது அன்னிக்கு மேனர்ஸ். மீறினா சாட்டை. தாத்தா அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார், அப்பா 'பெரியவங்களை முறைச்சுப் பார்க்காத, திமிர் பிடிச்சவன்னு சொல்வாங்க'ன்னு மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். உயிர் பிழைக்கக் கத்துக்கிட்ட மரியாதை அது. மூணு தலைமுறையா குனிய வெச்சுட்டு, இப்ப 'ஏன்டா நிமிரலை'ன்னு கேட்டு மார்க்கைக் குறைக்கிறோம்.

ஜப்பானியர் கண்ணைத் தாழ்த்திக் குனிஞ்சா, 'ஆஹா, என்ன பணிவு'ன்னு அதுக்கு ஒரு ஸ்லைடு போடறாங்க. துவாக்குடிக்காரன் கண்ணைத் தாழ்த்தினா தன்னம்பிக்கை இல்லை. ஒருத்தர் பழக்கத்துக்குப் பேர் கலாச்சாரம், இன்னொருத்தர் பழக்கத்துக்குப் பேர் குறைபாடு. இதை எந்த ட்ரெயினிங்ல சரி பண்ணப் போறீங்க?

சரி, அந்த 'ங்க'வுக்கு வருவோம்

நம்ம ஐ.டி. ஆபீஸ்ல ஒரு பெருமை உண்டு. யாரையும் சார், மேடம் சொல்ல வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடலாம், எல்லாரும் சமம். வைஸ் பிரசிடெண்டையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ரொம்ப முற்போக்கு.

அதே ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங் அக்கா நம்மளை 'சார்'னு கூப்பிடறாங்க. இருபத்தி மூணு வயசுப் பையனை ஐம்பது வயசு அம்மா 'சார்'ங்கறாங்க. அவன் திருப்பி, 'ஏம்மா, இங்க வா, இதைத் துடை'ங்கறான். செக்யூரிட்டிக்குப் பேரே கிடையாது, 'செக்யூரிட்டி!'தான். சாப்பாடு கொண்டு வர்ற தம்பிக்குப் போன்ல 'எங்கடா இருக்க, எவ்ளோ நேரம்?' அவன் மழையில நனைஞ்சுக்கிட்டு 'அஞ்சு நிமிஷம் சார்'ங்கறான். நம்ம சமத்துவம் படிக்கட்டுல மேல மட்டும்தான் ஏறுது. கீழ இறங்கும்போது முட்டி வலி வந்துடுது.

2020-ல தமிழ்நாட்டு அரசு துப்புரவுத் தொழிலாளர்களைத் 'தூய்மைப் பணியாளர்கள்'னு அழைக்கணும்னு அறிவிச்சுது. நல்ல விஷயம். பெயர்ச்சொல் மாறிடுச்சு. வினைச்சொல் மாறுச்சா? 'தூய்மைப் பணியாளரே, இங்க வா'ன்னா அது மரியாதையா?

பின்னூட்டத்துல என்ன வரும்னு எனக்குத் தெரியும். 'நாங்க பாசமாத்தான்யா வா, போன்னு கூப்பிடறோம். எங்க ஊர்ல அம்மாவையே வா, போன்னுதான் கூப்பிடுவோம். சாமியைக்கூட நீன்னுதான் சொல்றோம்.' ரொம்ப சரி. நானும் எங்க அம்மாவை நீன்னுதான் கூப்பிடறேன். ஆனா எங்க அம்மாவும் என்னை நீன்னுதான் கூப்பிடறாங்க. ஆக டெஸ்ட் ரொம்ப சுலபம்: நீங்க 'நீ'ன்னு கூப்பிடற அந்த ஆள் திருப்பி உங்களை 'நீ'ன்னு கூப்பிட முடியுமா? முடியும்னா பாசம். முடியாதுன்னா அது பாசம் இல்லீங்க, வேற. அதே கையோட டீக்கடை இரட்டைக் குவளையையும் பாருங்க. அதையும் 'ஊர் வழக்கம்'னுதானே சொன்னாங்க? ஊர் வழக்கம்னு சொல்லிட்டா எதையும் கேள்வி கேக்கக் கூடாதா?

இன்னொண்ணும் வரும்: 'மரியாதைங்கிறது தானா வரணும், கட்டாயப்படுத்திக் கொண்டுவர முடியாது, ஆயிரம் வருஷப் பழக்கம்.' தப்பு. ஒருத்தரைப் பன்மையில கூப்பிடறதே, இலக்கணத்துல வராத, பேச்சு வழக்குல உயர்வுக்காக வந்த பழக்கம்னு தொல்காப்பியமே சொல்லுது. அதாவது ஜனங்க உண்டாக்கினது. உண்டாக்கினதை மாத்தவும் முடியும். மாத்தியும் இருக்கோம். 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. இன்னிக்கு நம்ம பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் பாருங்க, எத்தனை பேருக்குச் சாதி வால் இருக்கு? 1967-ல ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரியை எடுத்துட்டு திரு, திருமதி, செல்வின்னு கொண்டு வந்துச்சு. கொஞ்ச வருஷத்துல கல்யாணப் பத்திரிகை வரைக்கும் போயிடுச்சு.

அதே 1967-ல ஸ்வீடன்ல ஒரு கதை. அங்கேயும் ஆளைப் பார்த்து, பதவியைப் பார்த்து வேற வேற மாதிரி கூப்பிடற சிக்கல் இருந்துச்சு. ப்ரூர் ரெக்செட்னு ஒருத்தர், அரசோட மருத்துவத் துறை வாரியத்துக்குத் தலைவரா வந்தவர், இனிமே எல்லாரையும் நான் 'நீ'ன்னுதான் கூப்பிடுவேன்னு அறிவிச்சார். நாடே ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ஞ்சுக்கிட்டிருந்த நேரம். சில வருஷத்துல கடைநிலை ஊழியரிலேர்ந்து அதிகாரி வரைக்கும் ஒரே சொல்.

ஸ்வீடன்காரங்க எல்லாரையும் 'நீ'க்கு இறக்கிச் சமமாக்கினாங்க. நமக்கு அது ஒத்து வராது, நாம 'ங்க' மேல ஆசை வெச்சவங்க. பரவாயில்லை, நாம எல்லாரையும் 'ங்க'வுக்கு ஏத்திச் சமமாக்குவோம். காசா, பணமா?

என் கோரிக்கை மூணுதான். ஒண்ணு, திருப்பி உங்களை 'நீ' சொல்ல முடியாத யாரையும் நீங்களும் 'நீ' சொல்லாதீங்க. வாட்ச்மேன், ஆட்டோக்காரர், கிரைண்டிங் பட்டறைப் பீகார் தம்பி, வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, எல்லாருக்கும் 'ங்க'. ரெண்டு, அவங்க பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. 'செக்யூரிட்டி', 'பையா' எதுவும் பேர் இல்லை. மூணு, ஆபீஸ்ல அடுத்த தடவை அந்த வகுப்பு நடக்கும்போது கையைத் தூக்கிக் கேளுங்க: 'எல்லா நாட்டுக்காரரைப் பத்தியும் சொன்னீங்க, இந்தக் கட்டடத்துலயே வேலை பார்க்கிறவங்களைப் பத்தி எப்ப சொல்வீங்க?' நான் கேட்டேன். 'அது சிலபஸ்ல இல்லை'ன்னாங்க. பத்து பேர் கேட்டா சிலபஸ்ல வரும்.

ஹெச்.ஆர்.ல இருக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா உங்களுக்குத் தனியா ஒரு வரி: அடுத்த தடவை எதிர்ல உக்காந்திருக்கிற பையன் தரையைப் பார்த்துப் பேசினா, மார்க்கைப் போடறதுக்கு முன்னாடி 'நல்லா சாஞ்சு உக்காருங்க தம்பி, தண்ணி குடிங்க'ன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. எங்க தெருத் தம்பிக்கு அடுத்த வாரம் இன்னொரு கம்பெனியில இண்டர்வியூ இருக்கு.

டிஸ்கி: பின்னூட்டத்துல தாராளமாத் திட்டலாம், மட்டுறுத்தல் எல்லாம் கிடையாது. 'ங்க' போட்டுத் திட்டுங்க, அவ்வளவுதான் :-)